கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

கனடாவின் ஒண்டாரியோவில் நவம்பர் பிறந்தால் பழைய கார்கள் ஒரே குறையோடு கராஜுக்கு வரும். காலையில் ஸ்டார்ட் ஆகும், கொஞ்சத் தூரம் ஓடும், சிக்னலில் நின்றதும் திணறி அணைந்துவிடும். சற்று நேரம் விட்டுவிட்டுத் திருப்பினால் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். நம்மிடம் வருவதற்குள் யாரோ, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டியிருப்பார்கள்.

ஸ்காபரோவில் நான் வேலை செய்த கராஜுக்கு வந்த 1978 செவர்லே மாலிபு காரும் அப்படித்தான். 305 கன அங்குல வி8 இஞ்சின். கூட வேலை பார்த்த பொடியன் ஸ்பேனரோடு வந்து நின்றான். "அண்ணை, கார்புரேட்டரைக் கழட்டட்டோ?"

"பொறு தம்பி, முதல்லை மூக்குக்குள்ளை பாப்பம்."

ஏர் கிளீனரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயைத்தான் சொன்னேன்.

பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் தொண்டை நன்றாகக் குளிர்ந்துவிடும். 20 டிகிரி செல்சியஸுக்கு மேல்கூட இறங்கலாம். வெளியே 5, 10 டிகிரி இருந்தாலே போதும், ஏரிப்பக்கத்து ஈரக்காற்று, உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தட்டில் பனியாகப் படியும். மைனஸ் 20இல் காற்று வறண்டிருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. அணைந்த பிறகு இஞ்சின் சூட்டிலேயே பனி உருகிவிடுவதால் தடயமும் மிஞ்சாது.

இதற்கான ஏற்பாடு 1960களின் பிற்பகுதியிலிருந்தே அமெரிக்கக் கார்களில் உண்டு. சூடான புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைச் சுற்றி ஒரு தகட்டு உறை, அங்கிருந்து மூக்குக்கு ஒரு நெளிகுழாய், மூக்குக்குள் ஒரு கதவு. கதவைத் தூக்க, இஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில் (அதுதான் வேக்குவம்) இயங்கும் வேக்குவம் மோட்டார். அதற்குள் டயஃப்ரம் என்கிற ஒரு சவ்வும் ஸ்பிரிங்கும்தான். ஏர் கிளீனருக்குள் இருக்கும் சூட்டை உணரும் ஈருலோக சென்சார், காற்று குளிராக இருக்கும்வரை வேக்குவத்தை முழுதாக அனுப்பும்; கதவு ஏறி வெளிக்காற்றை அடைக்கும், சூடான காற்று வரும். 38 டிகிரியை நெருங்கும்போது சென்சார் வேக்குவத்தைக் கசியவிடும். கதவு மெல்ல இறங்கி இரண்டு காற்றையும் கலக்கும். ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்தால் வேக்குவம் விழுந்து, கதவு தானே குளிர்காற்றுக்குத் திறந்துவிடும். ஒரு மின்கம்பிகூட இல்லாமல் இத்தனையும் நடக்கிறது. இதை வடிவமைத்தவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

சோதிப்பதற்கு வண்டி இரவு முழுக்க நிற்க வேண்டும். சூடான இஞ்சினில் பார்த்தால் பாதி விஷயம் தெரியாது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சிறு கண்ணாடியை மூக்கெதிரே பிடித்தோம். கதவு வெளிக்காற்றுக்குத் திறந்திருந்தது. சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அது ஏறியிருக்க வேண்டும். அசையவில்லை. விரலால் தள்ளினால் தடையில்லாமல் போனது, ஆகவே துரு இல்லை. மோட்டாருக்குப் போகும் ரப்பர் குழாயைப் பிடுங்கி விரலை வைத்தால் நன்றாக இழுத்தது, ஆகவே சென்சாரும் குழாயும் வேலை செய்கின்றன. அப்புறம் மோட்டாரிலேயே வேக்குவம் உண்டாக்கும் கைப்பம்பைப் போட்டோம். சுமார் 9 அங்குல (பாதரச அளவில்) வேக்குவத்தில் கதவு முழுதாக ஏறி அப்படியே நிற்க வேண்டும். பம்பின் முள் எழுந்த வேகத்திலேயே விழுந்தது. டயஃப்ரம் கிழிந்திருந்தது.

அதோடு நிறுத்தியிருந்தால் புது மோட்டார் போட்டும் கார் மறுபடி நின்றிருக்கும். கீழே எட்டிப் பார்த்தால் நெளிகுழாய் உக்கிப்போய்ப் பாதிதான் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு ஒழுங்காக ஏறினாலும் உள்ளே போவது குளிர்காற்றுதான்.

இன்னொன்றும் உண்டு. கிழிந்த டயஃப்ரம் வழியாகக் காற்று, இஞ்சினுக்குக் கலவையைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் கசிந்து கலவையை மெலிய வைக்கும். அதைச் சமாளிக்க யாரோ, வண்டி நிற்கும்போது இஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் திருகுகளைத் தாராளமாகத் திறந்துவிட்டிருந்தார்கள். புண் ஓரிடத்தில், கட்டு வேறிடத்தில் என்கிற இந்த வைத்தியம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. அடுத்து வருபவர் அந்தத் திருகுகளைப் பார்த்து கார்புரேட்டர்தான் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவார்.

மோட்டாரைப் பிடித்திருந்த இரண்டு பற்றவைப்புப் புள்ளிகளைத் துளையிட்டு எடுத்துப் புதியதைப் பொருத்தினோம். நெளிகுழாயையும் மாற்றி, ஐடிலைத் திரும்பச் சரிசெய்தோம். மறுநாள் குளிர்ந்த இஞ்சினில், சென்சார் பக்கத்தில் தெர்மாமீட்டரை டேப் போட்டு ஒட்டி மூடியை மூடினோம். கதவு இறங்கத் தொடங்கியதும் பொடியன் மூடியைத் திறந்து வாசித்தான்: 39 டிகிரி.

வண்டிக்காரர் பளபளக்கும் திறந்த ஏர் கிளீனர் ஒன்றை வாங்கி வைத்திருந்தார், அதைப் போட்டுத் தரச் சொன்னார். அதில் மூக்கும் இல்லை, கதவும் இல்லை. வேண்டாம் என்று காரணத்தோடு விளக்கி, பழையதையே பூட்டிக் கொடுத்தேன்.