அஞ்சு நிமிட வேலைதான்

மருந்துக்கடை வாசலில் ஒரு அம்மா. குழந்தை உட்காரும் கார் சீட்டைக் குழந்தையோடு கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டிருந்தார்.

சீட்டின் கைப்பிடி அழுத்திய இடத்தில் சிவப்பாக ஒரு கோடு.

சீட் மட்டுமே 4 கிலோ இருக்கும். உள்ளே தூங்குகிறவர் இன்னொரு 6 கிலோ.

அஞ்சு நிமிடம்தானே என்று காரிலேயே விட்டுவிட்டும் வர முடியாது. வெயிலில் நிற்கும் மூடிய காருக்குள் 10 நிமிடத்திலேயே வெளியே இருப்பதைவிட 10 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு கூடிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதெல்லாம் மன ஆறுதலுக்குத்தான்.

என் ஓட்டு பேபி கேரியருக்கு. குழந்தையை அதில் வைத்து நெஞ்சோடு கட்டிவிட்டால் இரண்டு கையும் நமக்கு. குழந்தையின் முகம் நம் கண்ணில் படவேண்டும், தாடை அதன் நெஞ்சிலேயே அழுந்தக் கூடாது, அவ்வளவுதான். தூங்குகிற பிள்ளையைத் தூக்கினால் விழித்துக்கொள்ளும், சரி, அது வேறு கதை.

கதவு, படி, பில் போடும் மேஜை எல்லாமே இரண்டு கையும் சும்மா இருக்கிறவர்களுக்காகவே செய்தவை போல. குழந்தை வந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது.

அப்புறம் ஒன்று, கேரியரில் கட்டியபடியே காரில் உட்கார்ந்துவிடாதீர்கள். வண்டிக்குள் திரும்பினால் சீட்டும் பெல்ட்டும்தான், எவ்வளவு அழுதாலும்.