குடல் வேற, கர்ப்பப்பை வேற

பிப்ரவரி 11, ஞாயிறு

சித்தப்பாவின் பயாப்ஸி ரிசல்ட் வந்துவிட்டது. பெருங்குடல் புற்றுநோய். வயது 46. அப்பாவுக்கும் குடல்தான், போகும்போது 48.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சித்தி ராத்திரி புரோட்டாவைத் திட்டினார். பெரிய மாமா, குலதெய்வத்துக்குக் கிடா வெட்டாமல் விட்டதை இழுத்தார். அப்பா விஷயத்தில் குடிதான் என்று அன்றைக்கே முடிவு கட்டியாயிற்று. சித்தப்பா டீயைத் தவிர எதையும் தொடாதவர்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ஆபரேஷன் முடிந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். அப்பாவைச் சொன்னேன். "இவங்க அக்காவுக்குக் கர்ப்பப்பையில வந்துச்சு, ஆனா அது வேற" என்றார் சித்தி. "வேற இல்லம்மா, அதையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

மார்ச் 9, சனி

அத்தை வீட்டில் வம்சப் படம் வரைந்தோம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், புற்றுநோய் வந்தவருக்குள் கறுப்பு. அப்பா, அத்தை, சித்தப்பா மூன்றும் கறுப்பு. தாத்தாவில்தான் சிக்கல்: "வயித்துல கட்டி, மதுரைக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாரு." தாத்தாவின் தங்கை? "பெரும்பாடு. கெடந்து கெடந்து செத்தா." பெரும்பாடு என்றால் நிற்காத உதிரப்போக்கு. கர்ப்பப்பைப் புற்றுநோயாக இருந்திருக்கலாம். காகிதம் எதுவும் இல்லை, இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டேன்.

1895இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண், எங்கள் வீட்டில் எல்லோரும் புற்றுநோயில்தான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று ஆல்ட்ரட் வார்த்தின் என்ற மருத்துவரிடம் சொன்னாராம். கர்ப்பப்பைப் புற்றுநோயில்தான் அவர் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913இல் எழுதினார். பிற்பாடு ஹென்றி லிஞ்ச் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார், குடலிலும் கர்ப்பப்பையிலும் குடும்பவழியாகப் புற்றுநோய் வருகிற இந்த நிலைக்கு லிஞ்ச் சிண்ட்ரோம் என்றே பெயர். அந்தத் தையல்காரம்மா நம் ஊரில் பிறந்திருந்தால் வாயில் அடித்து, "அப்படியெல்லாம் சொல்லாதே" என்றிருப்பார்கள்.

மார்ச் 16, சனி

வெட்டியெடுத்த சதையை மெழுகுக் கட்டியில் பதித்து லேபில் வைத்திருப்பார்களாம், 'பிளாக்' என்கிறார்கள். சித்தப்பாவின் பிளாக்கைச் சோதித்ததில் எம்.எஸ்.எச்.2 என்ற புரதம் இல்லை. செல் பிரியும்போது டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, படியெடுக்கையில் பிழை விழும். அந்தப் பிழையைத் திருத்துகிற வேலையில் இருப்பது இந்தப் புரதம். அது இல்லாவிட்டால், பிழை திருத்துகிற ஆள் வராத நாளில் அச்சுக்குப் போன பத்திரிகை மாதிரி, பிழைகள் அப்படியே சேர்ந்துகொண்டு போகும். குடலில் சேர்ந்தால் அங்கே, கர்ப்பப்பையில் சேர்ந்தால் அங்கே.

மரபணுவைப் பார்க்கச் சித்தப்பாவிடம் ரத்தம் எடுத்தார்கள். நோய் வந்தவரிடம்தான் முதலில் தேட வேண்டுமாம். அங்கே கோளாறு இன்னதென்று தெரிந்தால்தான் மற்றவர்களுக்கு 'இல்லை' என்று வரும்போது அதை நம்ப முடியும்.

ஏப்ரல் 6, சனி

சித்தப்பாவுக்கு எம்.எஸ்.எச்.2 மரபணுவில் கோளாறு உறுதி. பிள்ளைகளுக்கு வர ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆண் பெண் வித்தியாசம் கிடையாது.

மரபணு ஆலோசகர் அடுத்துக் கேட்டது: "சொந்தத்துல பொண்ணு எடுக்கிறதுண்டா?" அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் மகனுக்குச் சித்தப்பா மகள் என்று தொட்டிலிலேயே பேசி வைத்தது. கணவன் மனைவி இருவரிடமும் அதே மரபணுவில் கோளாறு இருந்தால், நாலில் ஒரு வாய்ப்பில் பிள்ளைக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று அந்த மரபணுவின் இரண்டு பிரதியும் பழுதாகவே வரும். அப்படிப் பிறக்கிற பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே மூளையிலோ ரத்தத்திலோ குடலிலோ புற்றுநோய் வரலாம். ஆலோசகர் நிதானமாகத்தான் சொன்னார். அத்தை திரும்பி வரும்வரை பேசவில்லை. பிறகு, "எங்க அம்மா என் மாமியாவுக்கு நாத்தனா, அப்பல்லாம் யாரு ரத்தம் பாத்தா?" என்றார்.

மே 4, சனி

அத்தைக்கு இருக்கிறது, எதிர்பார்த்ததுதான். அத்தை மகனுக்கும் இருக்கிறது. சித்தப்பா மகளுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது.

இப்போது சித்தி பின்வாங்குகிறார். அத்தை கொதிக்கிறார்: "என் மகன் என்ன நோயாளியா?" நோயாளி இல்லைதான், அவன் ஒழுங்காகக் குடலைப் பார்த்துக்கொண்டால் போதும். இந்த ரகளைக்கு நடுவில் சித்தப்பா மகள், "அத்தானைக் கட்டிக்கிறேன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

மே 18, சனி

எனக்குக் கொலோனோஸ்கோபி, அதாவது கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது, அடுத்த வாரம். இனி ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை. குடலில் சின்ன முளை தெரிந்தால் புற்றாகும் முன்பே அப்போதே எடுத்துவிடலாம். கர்ப்பப்பையை எடுப்பது பற்றி நாற்பதை ஒட்டிப் பேசலாம் என்றார்கள். எனக்கு முப்பத்தாறு, ஒரே பையன், இன்னும் யோசிக்கவில்லை.

அண்ணன் மட்டும் ரத்தம் கொடுக்க மாட்டேன் என்கிறான். "தெரிஞ்சு என்ன பண்ணப்போறேன்?" முளையை எடுக்கலாம் என்று சொன்னேன். லோன் அடைகிறவரை இந்தப் பேச்சே வேண்டாம் என்றான். அண்ணியிடம் நாளைக்குப் பேச வேண்டும்.