மூணாவது கடலையும் சேத்துக்கோங்க

கனடா பாஸ்போர்ட் அட்டையில தங்கக் கலர்ல ஒரு சின்னம் இருக்கும் பாருங்க, சிங்கமும் ஒத்தக்கொம்பு குதிரையும் ரெண்டு பக்கமும் நிக்கும், அதுக்குக் கீழ ரிப்பன்ல பொடி எழுத்துல "ஆ மாரி உஸ்க்வே அத் மாரே"ன்னு லத்தீன்ல போட்டிருக்கும். சங்கீதம் 72ல 8வது வசனம், தமிழ் பைபிள்ல "ஒரு சமுத்திரந்தொடங்கி மறு சமுத்திரம்வரைக்கும்"னு வரும். இங்கிலீஷா பிரெஞ்சான்னு ஓயாத இழுபறி இருக்கற நாட்டுல ரெண்டு தரப்புக்கும் சொந்தமில்லாத மொழியில எழுதினது எனக்குப் புடிச்சிருக்கு.

1867ல கனடா உருவானப்போ நாலே மாகாணம், எல்லாம் கிழக்குப் பக்கம். பசிபிக் கரையில இருக்கற பிரிட்டிஷ் கொலம்பியா 1871லதான் சேந்துச்சு, அதுவும் பத்து வருஷத்துக்குள்ள ரயில் பாதை போட்டுத் தர்றோம்னு வாக்கு வாங்கிக்கிட்டுதான், ஆனா வேலை இழுத்துக்கிட்டே போய் 1885 நவம்பர் 7ல கிரெய்கெல்லாக்கிங்கற இடத்துல கடைசி ஆணி அடிச்சாங்க. அந்தப் பாதைக்காக மலையில பாறை வெடிச்சதுல சீனத் தொழிலாளிங்க எத்தனையோ பேர் செத்தாங்க, ஆனா அதே 1885ல சீனாவுல இருந்து வர்றவங்களுக்கு ஆளுக்கு 50 டாலர் தலைவரி போட்டாங்க. கடலுக்குக் கடல்னு பெருமையா சொல்றப்போ அவங்களையும் சேத்து சொல்லணும்.

1906ல சஸ்காச்சுவான் மாகாணத்தோட சட்டசபை செங்கோல்ல இந்த வாசகம் ஏறுச்சு, 1921ல நாட்டோட சின்னத்துக்கே வந்துடுச்சு.

எனக்கு உறுத்தறது வடக்குல இருக்கற ஆர்க்டிக் கடல்தான். ஆர்க்டிக் தீவுகளை பிரிட்டன் 1880லயே கனடாவுக்குக் குடுத்தாச்சு, கனடா கடற்கரையில பாதிக்கு மேல அங்கதான் இருக்கு, இனுயிட் மக்கள் காலங்காலமா அந்தப் பனிக்கடலை நம்பி சீல் வேட்டையாடி வாழ்ந்துட்டு வர்றாங்க, 1999ல நுனாவுட்னு தனிப் பிரதேசமே வந்தாச்சு, இன்னும் வாசகத்துல கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பசிபிக்னு ரெண்டு கடல்தான் கணக்கு. மேடையில பேசறவங்க இப்பல்லாம் கடல், கடல், கடல்னு மூணு தடவை சொல்றாங்க, கேக்க நல்லாருக்கு, ஆனா எழுத்துல ஏறலியே.

பழைய சின்னத்துல கை வைக்கக்கூடாதுன்னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன். 1994ல சின்னத்து நடுவுல இருக்கற கேடயத்தைச் சுத்தி ஒரு சிவப்பு வளையம் சேத்தாங்க, அதுல ஆர்டர் ஆஃப் கனடா விருதோட வாசகம் இருக்கு, அதுவும் லத்தீன்தான், மேலான நாட்டை விரும்பறவங்கன்னு அர்த்தம். அதைச் சேக்க முடிஞ்சப்போ ரிப்பன்ல இன்னும் ரெண்டு மூணு வார்த்தை சேக்கறதுல என்ன கஷ்டம்?