எக்ஸ்பான்ஷன் டேங்க் ஏன் சுடக் கூடாது

திருப்பூரிலும் பெருந்துறையிலும் உள்ள பல துணிப் பதனீட்டு ஆலைகளில் துணியை அகலவாக்கில் இழுத்துப் பிடித்து உலர்த்தும் ஸ்டென்டர் இயந்திரத்துக்கு வேண்டிய சூட்டைத் தெர்மிக் ஆயில்தான் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நீராவியைப் போல உயர் அழுத்தம் தேவைப்படாமலே 250 டிகிரி வரை செல்லக்கூடிய இந்த எண்ணெய்க்கு, ஒவ்வொரு 100 டிகிரி ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 7 முதல் 8 சதவீதம் பெருகும் குணம் உண்டு. குழாய்களிலும், எண்ணெயைச் சூடாக்கும் ஹீட்டரின் சுருள் குழாயான காயிலிலும் 5,000 லிட்டர் இருந்தால், 30 டிகிரியிலிருந்து 250 டிகிரிக்குப் போகும்போது ஏறத்தாழ 800 லிட்டர் கூடுதலாகிவிடும். அதை வாங்கிக்கொள்ளவே எக்ஸ்பான்ஷன் டேங்க். குளிர்ந்த நிலையில் கால் பங்கும் சூடான நிலையில் முக்கால் பங்கும் நிறையும்படி அதன் அளவைத் தீர்மானிப்பது வழக்கம்.

அமைப்பிலேயே மிக உயரமான இடத்தில் வைத்து, பம்ப்பின் உறிஞ்சு பக்கத்தோடு அதை இணைப்பதால், பம்ப்புக்கு எப்போதும் எண்ணெயின் எடை அழுத்தமாகக் கிடைக்கிறது. எண்ணெய் ஒழுகி மட்டம் இறங்கினால், டேங்கில் உள்ள மிதவை சுவிட்ச் பர்னரை நிறுத்திவிடும்.

நைட்ரஜன் போர்வை (எண்ணெய்க்கு மேல் காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயுவை நிரப்பிவைப்பது) இல்லாத ஆலைகளில் எண்ணெயும் காற்றும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் இந்த டேங்க் என்பதைத்தான் நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். 60 டிகிரிக்கு மேல் காற்றுப்பட்ட எண்ணெய் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைந்து, அமிலமும் கசடும் சேர்ந்து கெட்டியாகிவிடும். ஆகவே டேங்குக்குக் கண்ணாடிக் கம்பளி சுற்றக் கூடாது. விறகு மிச்சமாகும் என்று சுற்றுபவர்கள் எண்ணெயை இழக்கிறார்கள்.

ஓர் ஆலையில் எண்ணெய் ஓராண்டிலேயே தார்போலக் கறுத்துவிட்டது என்று அழைத்தார்கள். ஏணியில் ஏறி டேங்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தேன். ஒரு நொடிகூடத் தாங்கவில்லை. மட்டக் கண்ணாடியில் பழுப்புக் கறை படிந்து எண்ணெய் நிற்கும் இடமே தெரியவில்லை. புதிய எண்ணெய் நிரப்பியபோது, அதிலிருக்கும் ஈரத்தை வெளியேற்ற டேங்க் வழியாக எண்ணெயைச் சுற்றவிடும் வால்வைத் திறந்திருக்கிறார்கள். அது அவசியமான வேலைதான். ஒரு லிட்டர் தண்ணீர் 1,600 லிட்டருக்கும் மேலான ஆவியாக மாறும் என்பதால், 100 டிகிரியை ஒட்டி மெதுவாகச் சூடேற்றி, குழாயில் கேட்கும் தட்டல் ஓசை அடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் பம்ப்பில் ஆவி புகுந்து ஓட்டம் தடைபடும், டேங்கின் மூச்சுக்குழாய் வழியே எண்ணெய் பொங்கி வழியும். ஆனால் ஈரம் போனபின் அந்த வால்வை மூட மறந்துவிட்டார்கள். சுடும் எண்ணெய் பல மாதங்கள் டேங்க் வழியாகவே போய்வந்திருக்கிறது.

வால்வை மூடிய மறுநாள் காலை டேங்கில் கையை வைத்து எடுக்காமலே நிற்க முடிந்தது. எண்ணெயை மட்டும் காப்பாற்ற முடியவில்லை. முழுவதையும் இறக்கி மாற்றினோம். இப்போது அந்த வால்வின் கைப்பிடியைச் சங்கிலியிட்டுப் பூட்டி, சாவியை ஷிப்ட் பொறுப்பாளரிடம் கொடுத்திருக்கிறார்கள்.