டிஸ்சார்ஜ் என்ற ஒரு சொல்

'டிஸ்சார்ஜ் தென்பட்டால் உடனே எங்களை அழையுங்கள்.' ஆங்கிலத்தில் இருந்த இந்தச் சின்ன வரியை ஸ்பானிய மொழியில் எழுதிக் கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனத்துக்குள் இன்னும் அதை மொழிபெயர்த்துக்கொண்டே இருக்கிறேன்.

மார்பில் டிஃபிபிரிலேட்டர் (இதயத் துடிப்பு தறிகெட்டால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சீராக்கும் கருவி) பொருத்தப்பட்டு வீடு திரும்பும் நோயாளிக்கான அறிவுரைத் தாள் அது. பழைய தாளில் மாற்றப்பட்ட 14 வரிகள் மட்டுமே என்னிடம் வந்தன. எங்கள் வேலையில் அது வழக்கம்தான். முதல் வரியிலும் டிஸ்சார்ஜ் இருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்படுவது என்ற பொருளில் அதற்கு 'அல்தா' என்று எழுதிவிட்டு நகர்ந்தேன். (அந்த அல்தாவும் எளிய சொல் இல்லை. ஸ்பெயினில் ஒரு தொழிலாளியைச் சமூகப் பாதுகாப்பில் பதிவுசெய்வதற்கும் அதே சொல்தான். ஓரிடத்தில் வெளியே அனுப்புகிறது, இன்னோரிடத்தில் உள்ளே சேர்க்கிறது.)

ஒன்பதாவது வரியில்தான் நின்றேன். தையல் போட்ட இடத்தில் நீரோ சீழோ கசிந்தால் அது டிஸ்சார்ஜ். ஸ்பானிய மொழியில் 'ஸெக்ரெஸியோன்'. இதயம் தறிகெட்டுத் துடிக்கும்போது கருவி கொடுக்கும் மின்னதிர்ச்சியும் டிஸ்சார்ஜ், அது 'தெஸ்கார்கா'. இரண்டையும் தாங்கும் ஒற்றைச் சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த நோயாளிக்கோ காயமும் இருக்கிறது, கருவியும் இருக்கிறது.

கேள்வியாக எழுதி அனுப்பினேன். என் மொழிபெயர்ப்பைச் சரிபார்ப்பவர் பல ஆண்டுகள் மூத்தவர். சற்று நேரத்தில் பதில் வந்தது: "முந்தைய வரி கட்டு மாற்றுவதைப் பற்றியது. ஆகவே இது காயம்தான். சூழலைப் பாருங்கள்."

"இரண்டையும் எழுதிவிடட்டுமா?" என்று கேட்டேன்.

"மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது நம் வேலை இல்லை."

"சரி" என்று எழுதி, 'ஸெக்ரெஸியோன்' என்றே அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கருவியின் அதிர்ச்சி மார்பில் உதை விழுந்ததுபோல் இருக்கும் என்று நோயாளிகள் சொல்வதுண்டு. அதைத் 'தென்பட்டால்' என்று யார் எழுதுவார்கள்? நோயாளிகளுக்கு எழுதும்போது பெரும்பாலும் 'ஷாக்' என்றுதான் எழுதுகிறார்கள். மருத்துவர்கள் தங்களுக்குள் எழுதும்போதுதான் டிஸ்சார்ஜ் அதிகம் வரும். இப்படிக் கணக்குப் போட்டால் என் தேர்வு சரிதான். பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன்.

ஆனால் பத்தாவது வரி, கைபேசியைக் கருவியிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி வைக்கச் சொன்னது. ஒரு பக்கம் கட்டு, மறுபக்கம் கருவி. சூழலைப் பார்க்கச் சொன்னபோது நாங்கள் இருவரும் மேலே மட்டுமே பார்த்திருக்கிறோம். பத்தாவது வரியை அன்றைக்கே நான் சுட்டிக்காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை என்பதற்கு இரவாகிவிட்டது, கெடு நெருங்கிவிட்டது என்று காரணங்கள் சொல்லலாம். அவருடைய அனுபவத்தின்மீது எனக்கிருந்த மரியாதையும் ஒரு காரணம்.

'மூலத்தில் இல்லாதது' என்ற சொற்கள்தான் என்னை விடுவதில்லை. மூலத்தில் இரண்டும் இருந்தன. ஆங்கிலத்தில் அதைப் படிப்பவர் காயம் கசிந்தாலும் அழைப்பார், கருவி அதிர்ந்தாலும் அழைப்பார். எழுதியவர் ஒன்றை மட்டுமே நினைத்திருந்தாலும் அந்தச் சொல் இரண்டு பேரையும் காப்பாற்றும். ஸ்பானிய மொழியில் படிப்பவருக்கு நான் ஒரு கதவைச் சாத்திவிட்டேன். ஒரே ஓர் அதிர்ச்சி வந்து, உடம்பு நன்றாக இருந்தால் மருத்துவமனைக்குத் தெரிவித்தால் போதும். அடுத்தடுத்து வந்தாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ அவசர உதவியை அழைக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. முதல் வகைக்காரர்தான், அழைக்கலாமா வேண்டாமா என்று அந்தத் தாளை எடுத்துப் பார்ப்பவர். தாளின் வேறொரு பகுதியில் அவருக்கான வரி இருந்திருக்கும் என்று நம்புகிறேன். அந்தப் பகுதியை நான் பார்த்ததில்லை.

1980-இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞர் ஒருவரைப் பற்றி அவர் குடும்பம் சொன்ன 'இன்டாக்ஸிகாதோ' என்ற ஸ்பானியச் சொல்லை, போதை என்று மருத்துவமனையில் எடுத்துக்கொண்டார்கள். கெட்ட உணவு ஒவ்வாமல் போயிருக்கிறது என்பதே குடும்பத்தார் சொல்ல நினைத்தது. உண்மையில் அவருக்கு மூளையில் ரத்தக்கசிவு, கைகால்கள் செயலிழந்தன. என் வரியால் யாருக்கும் எதுவும் நேர்ந்ததாகச் செய்தி இல்லை. ஆனால் மொழிபெயர்த்தவரைத் தேடி அப்படிப்பட்ட செய்தி வருவதும் இல்லை.

போன மாதம் வேறொரு தாளில் அதே ஆங்கில வரி வந்தது. முன்பு மொழிபெயர்த்த வரிகளைச் சேமித்து வைத்து மீண்டும் எடுத்துத் தரும் மென்பொருளான மொழிபெயர்ப்பு நினைவகம் என் பழைய வரியை, நூறு சதவீதப் பொருத்தம் என்ற குறியோடு எடுத்து நீட்டியது. இந்த முறை முழுத் தாளையும் கேட்டு வாங்கிப் படித்தேன். சாதாரணத் தையல் காயம். கருவி எதுவும் இல்லை. 'ஸெக்ரெஸியோன்' அங்கே முற்றிலும் சரி. மாற்றுவதற்கு எதுவும் இல்லாததால் ஏற்றுக்கொண்டு அடுத்த வரிக்குப் போனேன். நினைவகத்தில் அந்த வரிக்கு எதிரே இப்போது என் பெயர் இரண்டாவது முறையாகப் பதிவாகியிருக்கிறது.