பன்னெண்டாம் மாசத்துல ஒரு மேடு

உலக வங்கி, ஐநா, சாட்டிலைட்டுன்னு எங்கெங்கேருந்தோ வர்ற நம்பர எல்லாம் இழுத்து, சுத்தம் பண்ணி, சார்ட் போட்டு குடுக்குறதுதான் சிங்கப்பூர்ல எனக்கு பொழப்பு, பத்து வருஷம் தாண்டிருச்சு. இந்த வேலைய கத்துக்கிட்டது காலேஜ்லயோ கோர்ஸ்லயோ இல்ல, ரெண்டு மூணு சம்பவத்துலதான். அத எழுதி வைக்கணும்னு ரொம்ப நாளா இருக்கு.

மொதல்ல 2015 செப்டம்பர். நான் வேலைக்கு சேந்து அஞ்சு மாசம்தான் ஆகுது, வெளிய புகைமூட்டம் அப்படி ஒரு புகைமூட்டம், லிஃப்ட்ல இறங்கி வெளிய வந்தாலே தொண்டை கரகரங்கும். புகை வந்தது இந்தோனேசியாவுல எரிஞ்ச தீயிலேருந்து. தினமும் காலைல அங்க சுமத்ரா, கலிமந்தான் பக்கம் எத்தன ஹாட்ஸ்பாட்டுன்னு, அதாவது சாட்டிலைட்டுக்கு தீ மாதிரி சூடா தெரியுற எடம் எத்தனன்னு பாத்து ஒரு சின்ன நோட் எழுதி அனுப்புறது என் வேலை. ஒரு நாள் எண்ணிக்கை சட்டுனு விழுந்திருந்துச்சு, முந்தின நாள்ல பாதிகூட இல்ல. எனக்கு ஒரே சந்தோஷம், "தீ குறையுது"ன்னு எழுதி அனுப்பிட்டேன். பக்கத்து சீட்டு அக்கா, இந்த வேலைல பழம் தின்னு கொட்ட போட்டவங்க, நோட்ட படிச்சுட்டு திட்டெல்லாம் இல்ல, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க, "மேகம் பாத்தியாப்பா?"

படத்த தொறந்து பாத்தா சுமத்ரா மேல பாதிக்கு வெள்ளை. சாட்டிலைட்டு மேலேருந்து சூட்ட வச்சுதான் தீய கண்டுபுடிக்குது, மேகமோ அடர்த்தியான புகையோ நடுவுல வந்துட்டா அதுக்கு கீழ என்ன எரியுதுன்னு தெரியாது. அதுவும் அந்த சாட்டிலைட்டுங்க ஒரு எடத்துக்கு மேல ஒரு நாளைக்கு சில தடவதான் போகும். அங்க இருக்குற பீட் மண்ணு வேற, செடி கொடி மக்கி சேந்த மண்ணு அது, பூமிக்கு அடியிலயே கங்கு மாதிரி கனன்று வாரக்கணக்குல புகையும், மேலேருந்து பாத்தா ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். குறைஞ்சது தீ இல்ல, நம்ம கண்ணுக்கு பட்டதுதான். மத்தியானமே திருத்தி வேற நோட் அனுப்பினேன், ஆனா அந்த மொத நோட்ட எத்தன பேர் படிச்சு நிம்மதியா விட்டாங்களோன்னு இப்பவும் நெனைச்சா வயித்த பெசையுது.

அதே வாரம் சிங்கப்பூர் மேற்கு ஓரத்துல துவாஸ்ல கட்டட சைட்டுல வேலை பாக்குற எங்க ஊர் பக்கத்து அண்ணன் ஒருத்தர் வாட்ஸ்அப்ல வாய்ஸ் அனுப்பினாரு. "தம்பி, போன்ல நம்பர் பரவால்லன்னு காட்டுது, ஆனா எதிர்ல நிக்கிற கிரேன் எனக்கு தெரியல, எத நம்புறது?" அவரு பாத்தது 24 மணி நேர பிஎஸ்ஐ, காத்து எவ்வளவு மாசுன்னு சிங்கப்பூர்ல போடுற நம்பர். அது போன ஒரு நாளைக்கும் சேத்து எடுத்த சராசரி, நேத்து ராத்திரி காத்து நல்லா இருந்திருந்தா இப்ப திடீர்னு ஏறினது அதுல கரைஞ்சு போயிரும். ஒரு மணி நேர பிஎம்2.5ன்னு, காத்துல இருக்குற ரொம்ப பொடித் தூசியோட அளவு, தனியா ஒண்ணு போடுவாங்க, நீங்க அத பாருங்கண்ணே, கண்ணு சொல்றதையும் நம்புங்கன்னு சொன்னேன். அந்த மாசம் 25ஆம் தேதி தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளிக்கெல்லாம் லீவு விட்டாங்க. அண்ணன் அன்னிக்கும் வேலைக்கு போனாரு.

உலக அளவு நம்பர்லயும் இதே கததான். 2025 ஜூன்ல உலக வங்கி கடும் வறுமைக்கோட்ட ஒரு நாளைக்கு 2.15 டாலர்லேருந்து 3 டாலரா மாத்துச்சு. கோட்ட நகத்தினா ஏழைங்க எண்ணிக்கை கோடிக்கணக்குல ஏறத்தான் செய்யும், யாரும் புதுசா ஏழையாகல. கீழ ஒரு வரி விளக்கம் போடாம அந்த சார்ட்ட யார் கேட்டாலும் நான் குடுக்குறதில்ல.

ஆனா என்ன ரொம்ப ஆட்டுனது குழந்தை இறப்பு டேட்டாதான். 1990ல உலகத்துல பொறந்த 1000 குழந்தைல 93 அஞ்சு வயச தாண்டல, 2022ல அது 37ஆ குறைஞ்சிருக்கு, மனுஷன் செஞ்ச பெரிய காரியம்னா எனக்கு இதுதான் மொதல்ல வரும். சரி, இத எப்படி எண்ணினாங்க? நெறைய நாட்டுல பிறப்பு இறப்பு பதிவே ஒழுங்கா கிடையாது. அங்கெல்லாம் சர்வேக்காரங்க வீடு வீடா போய், பொம்பளைங்க முன்னாடி உக்காந்து, உங்களுக்கு எத்தன குழந்தை, ஒவ்வொண்ணும் எப்ப பொறந்துச்சு, இருக்கா, இல்லன்னா எத்தன மாசத்துல போச்சுன்னு வரிசையா கேக்குறாங்க. டிஎச்எஸ்னு (மக்கள்தொகை, சுகாதார சர்வே) 1984லேருந்து 90 நாட்டுக்கு மேல நடந்த சர்வே அது. அந்த ஃபைல்ல பி5னு ஒரு நெடுக்கு வரிசை, குழந்தை உயிரோட இருக்கான்னு. பி7னு ஒண்ணு, இறக்கும்போது எத்தன மாசம்னு. மொத தடவ பி7ன சார்ட் போட்டு பாத்தப்ப பதினொண்ணு பதிமூணெல்லாம் தாழ்வா இருக்கு, பன்னெண்டுல மட்டும் ஒரு மேடு. பன்னெண்டாம் மாசத்துல அப்படி என்ன நோய் வருதுன்னு நெனைச்சேன். நோய் இல்ல. வருஷக்கணக்கா ஆனத கேட்டா அம்மாக்காரி "ஒரு வயசு இருக்கும்"னு சொல்லுவா, சர்வேக்காரங்க 12 மாசம்னு எழுதிக்குவாங்க.

அந்த சர்வேக்கு அமெரிக்கா குடுத்துட்டு இருந்த காச 2025 ஆரம்பத்துல நிறுத்திட்டாங்க, நடந்துட்டு இருந்த சர்வே பலதும் பாதில நின்னுச்சு. இனிமே சில நாட்டுக்கு அந்த கட்டம் காலியாதான் வரும். போன வருஷம் எங்க டீம்ல புதுசா வந்த பையன் காலியா கெடந்த கட்டத்துல எல்லாம் பூஜ்யம் போட்டு நிரப்பியிருந்தான், நான் கத்திட்டேன். காலின்னா யாரும் போய் கேக்கலன்னு அர்த்தம், பூஜ்யம்னா ஒரு குழந்தையும் சாகலன்னு அர்த்தம், ரெண்டும் ஒண்ணாடா? அப்புறம் அவன கூட்டிட்டுப்போய் கோப்பி வாங்கிக் குடுத்து பொறுமையா சொன்னேன், புரிஞ்சுக்கிட்டான்.

அன்னிக்கு ராத்திரி மன்னார்குடிக்கு போன் போட்டேன். எனக்கு முன்னாடி ஒரு அக்கா பொறந்து இறந்துச்சுன்னு தெரியும், வீட்டுல யாரும் பேச மாட்டாங்க, நானும் கேட்டதில்ல. அன்னிக்கு கேட்டேன், அக்காவுக்கு அப்ப எத்தன மாசம்மா?

"ஒரு வயசு இருக்கும்"னாங்க அம்மா. போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் கட்டாயிருச்சோன்னு பாத்தேன்.

"இல்லடா, பதினோரு மாசம். பொறந்தநாளுக்கு பச்ச கலர்ல பாவாட எடுத்து வச்சிருந்தேன், போடல."