ஒன்பதாவது கேள்வி வரை

2012-ஆம் ஆண்டு விஜய் தொலைக்காட்சியில் சூர்யா தொகுத்து வழங்கிய ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ நிகழ்ச்சியில் நான் போட்டியாளராகக் கலந்துகொண்டேன். எனக்குச் சொந்த ஊர் வேதாரண்யம். இதைச் சொல்ல வேண்டிய காரணம் பின்னால் வரும்.

தொலைக்காட்சியில் கேட்கப்பட்ட கேள்விகளுக்குக் குறுஞ்செய்தியில் பதில் அனுப்பியதில் தொடங்கியது எல்லாம். பல நாள் கழித்து அழைப்பு வந்தது. பின்னர் எழுத்துத் தேர்வு, அதையடுத்து கேமரா முன்னால் ஒரு நேர்காணல். என்ன தெரியும் என்பதைவிட, தெரிந்ததைத் தயங்காமல் பேச வருமா என்றுதான் அங்கே பார்த்தார்கள் என்பது என் கணிப்பு.

சென்னைப் படப்பிடிப்புக்கு மனைவியுடன் சென்றேன். பொடிக்கட்டம் போட்ட சட்டை கேமராவில் அலை பாயும் என்பதால் ஒற்றை நிறச் சட்டைகள் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். அரங்கின் குளிரும், மணிக்கணக்கான காத்திருப்பும், பளீரென்ற விளக்குகளும் சேர்ந்து, கேள்வி வருவதற்கு முன்பே ஆளைக் களைப்படையச் செய்துவிடும். மதியம் அரைவயிறு சாப்பிட்டது நல்லதாயிற்று.

முதலில் பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து, நான்கு விடைகளைச் சரியான வரிசையில் அழுத்த வேண்டும். முந்துபவருக்கே ஹாட் சீட், அதாவது பரிசுக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் இருக்கை. பாலாறு, தென்பெண்ணை, காவிரி, வைகை ஆகியவற்றை வடக்கிலிருந்து தெற்காக அடுக்கச் சொன்ன சுற்றில் என் விடை சரியாக இருந்தும், என்னைவிட விரைவாக அழுத்திய ஒருவர் எழுந்து போனார். வீட்டில் புத்தகம் புத்தகமாகப் படித்தவன், விரலுக்குப் பயிற்சி தராமல் விட்டிருந்தேன். அடுத்த சுற்றில் காமராஜர், பக்தவத்சலம், அண்ணா, கருணாநிதி ஆகியோரை முதல்வரான வரிசையில் கேட்டபோது, திரையில் பெயர்கள் தோன்றும் முன்பே விரலைப் பொத்தான் மேல் தயாராக வைத்திருந்தேன். ஹாட் சீட் எனக்குக் கிடைத்தது.

முதல் எட்டுக் கேள்விகளைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. விடை தெரியாதபோது உதவும் லைஃப்லைன்களில் பார்வையாளர் வாக்கும் நண்பருக்கான அழைப்பும் அதற்குள் தீர்ந்துவிட்டன. 1,60,000 ரூபாய்க்கான ஒன்பதாவது கேள்வி இதுதான்: ‘வேதாரண்யம் உப்பு சத்தியாகிரக யாத்திரை திருச்சியிலிருந்து புறப்பட்ட நாள் எது?’ 1930 மார்ச் 12, ஏப்ரல் 6, ஏப்ரல் 13, ஏப்ரல் 30 என நான்கு விடைகள்.

‘ஏப்ரல் 30’ என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். என் தாத்தா உப்பளத்தில் வேலை செய்தவர். ஒவ்வோர் ஏப்ரல் 30 அன்றும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு அகஸ்தியன்பள்ளி உப்பு சத்தியாகிரக நினைவுத் தூணுக்குப் போவார். அந்தத் தேதி எனக்குப் படித்து வந்ததல்ல, அவர் தோளிலிருந்து வந்தது. ஆனால் அது உப்பு அள்ளிய நாள்; கேட்கப்பட்டதோ ராஜாஜியும் தொண்டர்களும் நடக்கத் தொடங்கிய நாள். ‘புறப்பட்ட’ என்ற சொல்லைத் திரையில் இரண்டாம் முறை பார்த்தபோதுதான் உள்ளங்கை வியர்த்தது. தவறினால் 80,000 போய் 10,000 மட்டுமே மிஞ்சும்.

தவறான இரண்டு விடைகளை நீக்கும் 50:50 லைஃப்லைனைக் கேட்டேன். ஏப்ரல் 13-உம் ஏப்ரல் 30-உம் நின்றன. அப்போது வாய்விட்டே கணக்குப் போட்டேன்: உப்பு அள்ளிய நாளன்றே திருச்சியில் புறப்பட்டிருக்க முடியாது, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாகக் கால்நடையாக வர இரண்டு வாரமாவது வேண்டும், மேலும் ஏப்ரல் 13 ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாள். ஏப்ரல் 13 என்று சொல்லி, உறுதி செய்யச் சொன்னேன். சரி என்று பச்சை விழுந்தபோது மனைவி அழுதுகொண்டிருந்தாள்.

பத்தாவது கேள்வி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் நெவில் டிசூசா எந்த அணிக்கு எதிராக மூன்று கோல் அடித்தார் என்பது. எனக்கு விளையாட்டு வரலாறு தெரியாது, லைஃப்லைனும் இல்லை. விலகிக்கொள்கிறேன் என்றேன். விலகிய பிறகு எதைச் சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டபோது யூகோஸ்லாவியா என்றேன். சரியான விடை ஆஸ்திரேலியா. அந்த முடிவுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை.

இதுபோன்ற நிகழ்ச்சிகளுக்குப் போகவிருக்கிறவர்கள் ஒன்றை முன்பே அறிந்துகொள்ள வேண்டும். பரிசுத் தொகையில் 30 சதவீதம் வருமான வரியாகப் பிடித்தம் செய்யப்படும். நம் ஆண்டு வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதில் விலக்கு இல்லை. எனக்கு 48,000 போக 1,12,000 வந்தது. தொகை முழுவதும் வரும் என்று நம்பி யாரிடமும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்த ஏப்ரல் 30 அன்று என் மகளைத் தூணருகே அழைத்துச் சென்றேன். தாத்தா எனக்கு உப்பு அள்ளியதை மட்டும்தான் சொல்லியிருந்தார். நான் அவளுக்குத் திருச்சியிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.